வெள்ளம் தேங்கிய பாதையில் சைக்கிளில் வேலைக்குச் செல்வது: எந்த அளவு நீர் வரை இறங்கலாம்?

கேள்வி: கரையோரப் பயணி

வணக்கம். ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் வேலைக்குச் சைக்கிளிலேயே போய் வருகிறேன். ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர். அதில் 7 கிலோமீட்டர் ஆற்றங்கரையை ஒட்டிச் செல்லும், மோட்டார் வண்டிகள் வராத பாதை. ஆண்டின் பெரும்பகுதியில் இதைவிட நிம்மதியான வழி எனக்கு வேறில்லை. ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பாதை ஐந்தாறு முறையாவது மூழ்கிவிடுகிறது. குறிப்பாக, ரயில் பாலத்தின் அடியில் பாதை தாழ்ந்து செல்லும் இடத்தில், மற்ற இடங்கள் காய்ந்த பிறகும் இரண்டு மூன்று நாள் நீர் தேங்கி நிற்கிறது.

சென்ற வாரம் அந்தத் தேக்கத்தில் இறங்கினேன். நீர் அசையாமல் நின்றது. பார்வைக்குக் கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று தோன்றியது. அந்த இடத்தை ஆயிரம் முறையாவது கடந்திருப்பேன் என்பதால் தயக்கமே வரவில்லை. பாதி தூரம் சென்றதும் முன்சக்கரம் எதிலோ இறங்கி நின்றுவிட, கைப்பிடிக்கு மேலாக நீருக்குள் விழுந்தேன். எழுந்து துழாவிப் பார்த்தபோதுதான், ஓரத்து வடிகாலின் இரும்புச் சல்லடை பெயர்ந்து ஒரு முழம் தள்ளிக் கிடப்பது கைக்குத் தட்டுப்பட்டது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். சைக்கிளை அன்றே துடைத்து வைத்தேன். ஆயினும் மூன்றாம் நாளிலிருந்து பெடலை மிதிக்கும்போது மணல் அரைபடுவது போன்ற ஒரு கரகரப்பு பாதத்தில் தெரிகிறது.

எந்த அளவு நீர் வரை சைக்கிளில் இறங்கலாம் என்று நீங்கள் வரையறை வைத்திருக்கிறீர்கள்? நீரில் மூழ்கிய சைக்கிளை என்ன செய்ய வேண்டும்? பேருந்து அந்த வழியில் இல்லாததாலும், மேட்டுச் சாலையில் கனரக வண்டிகள் நெருக்கமாகச் செல்வதாலும், சைக்கிளை விட்டுவிடுங்கள் என்ற பதில் எனக்கு உதவாது.

பதில்: மழைநாள் மிதிப்பவர்

முதலில் உங்கள் முழங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ள நீரில் சாக்கடை கலந்திருக்கும் என்பதால், சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல், நீர் பட்ட 2 நாள் முதல் 30 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டக்கூடும். இந்த நாட்களில் காய்ச்சலும் கடுமையான உடல்வலியும் வந்தால், வெள்ள நீரில் விழுந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எத்தனை சென்டிமீட்டர் என்ற கேள்வியை நான் முதலில் கேட்பதில்லை. அடித்தரை கண்ணுக்குத் தெரிகிறதா, நீர் ஓடுகிறதா என்பவைதான் என் முதல் கேள்விகள். தரை தெரியாவிட்டால், ஒரு சாண் நீரும் ஓர் ஆள் நீரும் எனக்கு ஒன்றுதான். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற சொல் சைக்கிள் ஓட்டுபவருக்கு நேரடியாகவே பொருந்தும். ஏனெனில் நடப்பவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் துழாவ முடியும், சைக்கிளில் இருப்பவருக்கோ துழாவும் காலே கிடையாது.

ஓடும் நீர் என்றால் எனக்குப் பேச்சே இல்லை, திரும்பிவிடுவேன். நீர் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீர் வளர்ந்த மனிதரைச் சாய்த்துவிடும் என்றும், 30 சென்டிமீட்டர் நீர் சிறிய கார்களை நகர்த்திவிடும் என்றும் அமெரிக்க தேசிய வானிலை சேவை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. சைக்கிளில் இருப்பவருக்கு நிலத்தோடு உள்ள தொடர்பு இரண்டு விரல் அகல டயர்கள் மட்டுமே.

நீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்பது கலங்கல் நீரில் உடனே புலப்படாது. ஓரத்தில் நின்று ஓர் இலையைப் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு விரைவாகப் போகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். இலையோ குப்பையோ ஓரிடத்தில் சுழன்றால் அங்கே வடிகால் வாய் திறந்து நீரை உள்ளே இழுக்கிறது என்று கொள்ளுங்கள். மாறாக, நீர் குமிழியிட்டு மேலெழுந்தால், கீழிருந்து வரும் அழுத்தம் அங்கிருந்த மேன்ஹோல் மூடியைத் தூக்கியிருக்க வாய்ப்புண்டு. மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, மின்பெட்டியின் அடி நீரில் நின்றாலோ, அந்த நீரின் அருகே செல்லவே கூடாது.

பதில்: பட்டறை நண்பர்

உங்கள் கரகரப்பு, கிராங்க் எனப்படும் பெடல் பொருத்திய கைகள் சுழலும் அச்சின் பேரிங்கிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். செயினைப் பல்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு, சீட் குழாயில் காதை வைத்தபடி கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் ஏறக்குறைய ஓசையே எழுப்பாது. மணல் புகுந்தது அரிசி களைவதைப் போல ஒலிக்கும்.

சைக்கிளைத் துடைத்து வைத்தீர்கள், அது வெளிப்புறத்துக்கு மட்டுமே போதும். நீர் சட்டத்தின் உள்ளே இறங்கியிருக்கும். சீட் கம்பியின் உயரத்தை ஒரு நாடா ஒட்டிக் குறித்துக்கொண்டு, கம்பியை உருவியெடுத்துச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். சில சட்டங்களில் கிராங்க் அச்சு இருக்கும் பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு அது சேற்றால் அடைபட்டிருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். உதிரி பால்ரஸ் (சிறு எஃகுக் குண்டுகள்) வைத்த பழைய அமைப்பாக இருந்தால் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டலாம். திறக்கும்போது கிரீஸ் வெளுத்துக் கூழாகியிருந்தால், நீர் அதனோடு கலந்துவிட்டது என்று பொருள். மூடிய பேரிங் என்றால் மாற்றுவதுதான் வழி.

ஆழத்துக்கு ஓர் அளவைச் சொல்கிறேன். பெரும்பாலான நகரச் சைக்கிள்களில் கிராங்க் அச்சின் மையம் தரையிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்; கிராங்கின் நீளம் 17 சென்டிமீட்டர். ஆகவே கீழே வரும்போது பெடல் தரைக்கு மேல் 10 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். உங்கள் செருப்போ காலணியோ நீரைத் தொடத் தொடங்கிவிட்டது என்றால், நீர் ஏற்கெனவே அந்த 10 சென்டிமீட்டரை எட்டிவிட்டது. சக்கர அச்சுகள் சுமார் 34 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், அவை மூழ்கும் நீரை முழங்காலுக்கு அருகில் வந்துவிட்ட நீர் என்று எடுத்துக்கொள்ளலாம். நீர் 10 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்து, அடித்தரையும் தெரிந்தால் மட்டுமே நான் ஏறி ஓட்டுவேன். மற்ற நேரங்களில் இறங்கிவிடுவேன்.

செயினை அன்றிரவே நல்ல நீரில் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே படிந்ததைத் துடைத்துவிடுங்கள். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் எண்ணெயோடு சேர்ந்து சாணைப் பசை போலப் பற்களைத் தின்றுவிடும். அழுத்தம் மிகுந்த குழாயால் பேரிங்குகளின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம். வெளியே இருக்கும் மணலை அது உள்ளே தள்ளும். நீரிலிருந்து வெளிவந்ததும் பிரேக்கை மெல்லப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் ரிம் துடைபடும். எஃகு ரிம் வைத்த சைக்கிளில் நனைந்த பிரேக் கிட்டத்தட்டப் பிடிக்காது.

மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. நீர் தெறிப்பைத் தாங்கும் வண்டி நீரில் மூழ்குவதையும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மூழ்கிய லித்தியம் பேட்டரி பல மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். அதைச் சார்ஜ் செய்யாமல், வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுச் சேவை நிலையத்தை அழையுங்கள்.

பதில்: இரவுப்பணி

மேலே சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தரை தெரியாத நீரில் இறங்கவே கூடாது என்பது எல்லோருக்கும் இயலாது. நான் மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவள். நான் போய்ச் சேராவிட்டால், காலையிலிருந்து நிற்கும் இன்னொருவர் வீடு திரும்ப முடியாது. நீர் முற்றிலும் அசையாமல் நிற்கும்போது நான் இறங்கி, சைக்கிளை எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு, பிரேக் பிடியில் விரல் வைத்தபடி நடந்து செல்கிறேன். குழி இருந்தால் முன்சக்கரம் முதலில் இறங்கும். என் கால் இறங்காது. ஓரத்தில்தான் வடிகால்கள் இருக்கும் என்பதால் பாதையின் நடுவிலேயே நடப்பேன். காலில் கட்டியான அடியுள்ள, வார் இறுக்கிய காலணி இருக்கும். வெறுங்காலுடனும் ரப்பர்ச் செருப்புடனும் ஒருபோதும் இறங்குவதில்லை.

பதில்: மழைநாள் மிதிப்பவர்

சகோதரி, உங்கள் நிலையை நான் மறுக்கவில்லை. இறங்கியே ஆக வேண்டுமென்றால் நீங்கள் சொன்னதுதான் சரியான முறை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நீர் காலை இழுப்பது தெரிந்தால், மீதி தூரம் குறைவு என்று முன்னால் போகாமல் வந்த வழியே திரும்புங்கள், ஏனெனில் கடந்து வந்த தரையை மட்டுமே நீங்கள் அறிவீர்கள். சைக்கிளை நீர் பற்றிக்கொண்டால் கையை விட்டுவிடுங்கள். இருட்டில் மேலே சொன்ன எந்த அடையாளமும் தெரியாது என்பதால், இரவில் நான் நின்ற நீரிலும் இறங்குவதில்லை.

பதில்: மேட்டுவழி

நீரின் ஓரத்தில் நின்று முடிவெடுக்கும்போது நேரமாகிவிட்டது என்ற எண்ணமே நம்மைத் தள்ளிவிடுகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவெடுக்க ஒரு வழி இருக்கிறது. தேங்கிய நீரின் மேற்பரப்பு எங்கும் சமமாக இருக்கும். ஆகவே பாதை காய்ந்திருக்கும் நாளில் அந்தப் பாலத்தடிக்குச் சென்று, மிகத் தாழ்ந்த புள்ளியைவிட 10 சென்டிமீட்டர் உயரமான இடம் பாதைச் சரிவில் எங்கே வருகிறது என்று அளந்து, அருகிலுள்ள சுவரிலோ கல்லிலோ ஓர் அடையாளம் வைத்துவிடுங்கள். பிறகு நீரின் விளிம்பு அந்த அடையாளத்தைத் தாண்டியிருந்தாலே உள்ளே ஆழம் 10 சென்டிமீட்டருக்கு மேல் என்று தெரிந்துவிடும். அந்தச் சரிவு எட்டும் தூரத்தில் குடியிருக்கும் யாரிடமாவது காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

ஆற்றோரப் பாதையில் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மழை நின்றுவிட்டது என்பதால் நீர் வடியத் தொடங்கிவிட்டது என்று பொருளல்ல. மேல்பகுதியில் பெய்த மழை ஆற்றின் வழியே கீழே வந்துசேரப் பல மணி நேரமோ, பெரிய ஆறென்றால் சில நாட்களோ ஆகும். காலையில் வறண்டிருந்த பாதை, வெயில் அடிக்கும் மாலையில் மூழ்கியிருக்கக்கூடும். ஆற்றின் நீர்மட்டத்தை அன்றாடம் வெளியிடும் துறை இருந்தால் வானிலை அறிவிப்பைவிட அதையே பாருங்கள்.

நீர் வடிந்த மறுநாளும் எளிதல்ல. நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதந்து வழுக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள், ஆனால் 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தமுள்ள டயர் அப்படி மிதக்க மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் வேண்டும். நம்மை விழவைப்பது நீரல்ல, அது விட்டுச்சென்ற மெல்லிய வண்டல்தான். அதன் மேல் வளைவில் சாயாமல், பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல், நேராகச் செல்லுங்கள். ஈரத்தில் கண்ணாடித் துண்டும் முள்ளும் ரப்பரை எளிதாக வெட்டும் என்பதால் பஞ்சர் பெட்டியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: கரையோரப் பயணி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை சீட் கம்பியை உருவிச் சைக்கிளைக் கவிழ்த்தேன். எட்டு நாள் கழித்தும் சட்டத்துக்குள்ளிருந்து அரை டம்ளர் அளவுக்குக் கலங்கல் நீர் வழிந்தது. பட்டறை நண்பர் சொன்னது போலவே கிரீஸ் வெளுத்துக் கூழாகியிருந்தது. பால்ரஸ்களில் இரண்டு துருவேறிச் சொரசொரப்பாகிவிட்டதால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். தடுப்பூசியும் போட்டுக்கொண்டேன்.

மேட்டுச் சாலைக்குப் பின்புறமாகக் குடியிருப்புத் தெருக்கள் வழியே 15 கிலோமீட்டரில் ஒரு வழி இருப்பதை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டேன். 20 நிமிடம் கூடுதலாகிறது. பாலத்தடியில் நீர் நிற்கும் நாட்களில் இனி அதுதான் என் வழி. காய்ந்ததும் 10 சென்டிமீட்டர் அடையாளத்தை அளந்து வைப்பேன். பெயர்ந்த சல்லடையைப் பற்றி உரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆறு நாட்களாகியும் யாரும் வரவில்லை. பின்னால் வருபவர் விழக்கூடாது என்று, அந்தக் குழியில் சிவப்புத் துணி கட்டிய நீண்ட மூங்கில் ஒன்றை நட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தபோதும் அது நீருக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.