செம்புத் தகட்டில் தூளாகப் படிகிறது, ஏன்?
நண்பர்களே, மின்னாற்பகுப்பில் செம்பைத் தூய்மையாக்கும் முறையைச் சிறிய அளவில் செய்து பார்த்தேன். சில துளி கந்தக அமிலம் கலந்த மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், நேர்மின்வாயாகப் பழைய செம்புத் துண்டு, எதிர்மின்வாயாக மெல்லிய தூய தகடு, 9 வோல்ட் பேட்டரி. பளபளப்பான படலம் வரும் என்று காத்திருந்தால், விரல் பட்டாலே உதிரும் கருஞ்சிவப்புத் தூள்தான் படிந்திருக்கிறது. ஆலைகளில் ஒரு தொட்டிக்கு அரை வோல்ட்கூடக் கொடுப்பதில்லை என்று பிறகுதான் படித்தேன் (முதலிலேயே படித்திருக்கலாம்!). மின்னோட்டத்தைக் குறைத்தால் போதுமா, கரைசலையும் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?

நேர்மின்வாயின் கீழே கறுப்பாகச் சேறும் தங்கியிருக்கிறது. செம்பில் கலந்திருக்கும் வெள்ளியும் தங்கமும் அப்படித்தான் அடியில் சேரும் என்பார்கள். எனக்கு அந்தப் பேராசை இல்லை. துண்டில் துத்தநாகம் இருந்தால் அது கரைசலிலேயே நின்றுவிடுமா, இந்த மின்னழுத்தத்தில் தகட்டிலும் ஏறிவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.