வென்டிலேட்டரிலிருந்து மீண்ட அப்பாவுக்கு ஓய்வா, நடையா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 56. திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறார். கொரோனா தொற்று நுரையீரலைக் கடுமையாகத் தாக்கியதால் 26 நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். அதில் 9 நாள்கள் வென்டிலேட்டரில், பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்தே சிகிச்சை நடந்தது. வீடு திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. 69 கிலோ இருந்தவர் இப்போது 57 கிலோதான். உட்கார்ந்திருக்கும்போது, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் பார்க்கும் ஆக்சிமீட்டர் 95, 96 என்று காட்டுகிறது. மொட்டை மாடிப் படியில் பாதி ஏறுவதற்குள் 89-க்கு இறங்கிவிடுகிறது.

மூன்று மாதங்களுக்குக் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று உறவினர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். தாய்மாமாவோ, நடந்தால்தான் நுரையீரல் விரியும் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப்போய் அரை மணி நேரம் மணலில் நடக்கவைத்தார். அன்று இரவு அப்பா உற்சாகமாகவே இருந்தார். ஆனால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தலையைத் தூக்கக்கூட முடியாமல் படுத்துக் கிடந்தார். மாமா அக்கறையால்தான் அப்படிச் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கொடுத்தார்களே தவிர, அதை எப்படி, எத்தனை முறை பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

சிறிய விஷயம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நடக்கும்போது வலது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரிவதே இல்லை; நாலு எட்டு வைத்த பிறகு நான் சொன்னால்தான் குனிந்து பார்க்கிறார். நேற்று ஆசைப்பட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். வலது பாதம் மிதிபலகையின் போக்குக்கு எழவில்லை. சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூல் அறுந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அவரை ஓய்வில் வைப்பதா, நடக்க வைப்பதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: இயன்முறை மருத்துவர், புதுச்சேரி

சகோதரி, சிறிய விஷயம் என்று நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். முழங்காலின் வெளிப்புறத்தில், எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகே ஒரு நரம்பு ஓடுகிறது. பல நாள்கள் அசையாமல் படுத்திருந்து, சதையும் கொழுப்பும் கரைந்துபோனவர்களுக்கு அது எளிதில் நசுங்கி, முன்பாதத்தைத் தூக்கும் வலு குறைந்துவிடும். கடும் நோய்க் காலத்தில் கைகால் நரம்புகளும் தசைகளும் மொத்தமாகப் பாதிக்கப்படுவதும் உண்டு. இரண்டில் எது என்று நரம்பு மருத்துவர் பார்த்து, நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து சொல்ல வேண்டும். அதுவரை பின்வார் உள்ள செருப்பையே போடட்டும். கால்மேல் கால் போட்டு உட்காருவதையும் சப்பணமிட்டு நெடுநேரம் உட்காருவதையும் தவிர்க்கட்டும். பாதம் தடுக்கி விழுந்தால் இதுவரை தேறியதெல்லாம் வீணாகிவிடும்.

அடுத்தது அந்த 89. உழைப்பின்போது ஆக்சிஜன் அளவு 3 புள்ளிகள் இறங்கினாலே நாங்கள் கவனிப்போம். உங்கள் அப்பாவுக்கு 6, 7 புள்ளிகள் இறங்குகிறது. நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கலாம், இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். ஆகவே நுரையீரல் மருத்துவர் பார்க்கும்வரை படி ஏற வேண்டாம். திடீர் நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், இருமலில் இரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், இரவானாலும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் நுரையீரல், நரம்பியல், உடலியல் மறுவாழ்வு ஆகிய மூன்று துறைகளும் இருப்பதால், உங்களுக்கு அலைச்சல் குறையும்.

ஓய்வா, நடையா என்று கேட்டால், கட்டிலிலேயே கிடப்பதும் தவறு, மணலில் அரை மணி நேரம் நடந்ததும் தவறு. படுக்கையில் முதலில் கரைவது தொடைச் சதை. அது மெலிந்தவருக்கு நுரையீரல் ஓரளவு தேறிய பிறகும் நாலு எட்டில் மூச்சு வாங்கும். எனவே கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையூன்றி எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு நான்கு முறை, நாளுக்கு மூன்று வேளை போதும். எழும்போது, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விடட்டும். விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். 90-ஐ நெருங்கினாலோ, ஒரு முழு வாக்கியத்தை இடைவிடாமல் பேச முடியாமல் போனாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். நடையை வீட்டுக்குள்ளேயே சமதரையில் தொடங்குங்கள். மணலில் ஒவ்வோர் எட்டுக்கும் பாதம் புதைவதால் அதே தூரத்துக்கு மிக அதிகமான உழைப்பு தேவைப்படும். தொய்ந்த பாதத்துக்கு அது ஆகவே ஆகாது.

மூன்று பந்துக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் வாரக்கணக்கில் ஊதிக்கொண்டே இருந்துவிட்டு வருகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக நீளமாக உறிஞ்சி, பந்தை இரண்டு மூன்று விநாடிகள் மேலேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். மூன்று பந்தும் எழ வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். தலைசுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

பதில் 2: முத்தியால்பேட்டைவாசி

மகளே, நானும் ஆக்சிஜன் படுக்கையில் 17 நாள்கள் இருந்து வந்தவன். உங்கள் அப்பா இரண்டு நாள்கள் எழ முடியாமல் கிடந்ததைச் சோம்பல் என்றோ பயம் என்றோ யாரும் எண்ணிவிடாதீர்கள். உழைத்த அன்று ஒன்றும் தெரியாமல், மறுநாளோ மூன்றாம் நாளோ உடம்பு மொத்தமாகச் சரிவது இந்த நோய்க்குப் பின் பலருக்கும் உள்ளதுதான். அப்படிச் சரிகிறவர்கள் தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால் குணமாவதில்லை, மேலும் மோசமாகிறார்கள். எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். குளித்தது, மாடிக்குப் போனது, அரை மணி நேரம் தொலைபேசியில் பேசியது என எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். பத்து நாள்கள் கழித்துப் பார்த்தால், நின்றுகொண்டு குளித்த நாளுக்கு மறுநாள்தான் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறேன். முக்காலியில் உட்கார்ந்து குளிக்க ஆரம்பித்த பிறகு அந்தச் சரிவு நின்றது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவதற்கே எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. இத்தனைக்கும் அது கூப்பிடு தூரம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். பல மாதங்கள் கழித்து எனக்குக் கவட்டில் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வலி அடங்காததால் எம்ஆர்ஐ எடுத்தபோது, தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது நலியத் தொடங்கியிருந்தது. ஆரம்ப நிலையில் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்று பிறகுதான் அறிந்தேன். அப்பா எப்போதாவது கவட்டில் வலி என்றால் காலம் தாழ்த்த வேண்டாம்.

பதில் 3: நெல்லிக்குப்பம் அம்மா

என் கணவரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன். சாப்பாட்டைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லையே என்றுதான் வந்தேன். கஞ்சியும் ரசம் சாதமும் சூப்புத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருந்தால் கரைந்த சதை திரும்பாது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று எங்கள் உணவியல் வல்லுநர் சொன்னார். உங்கள் அப்பாவின் எடைக்கு அது ஏறத்தாழ 70 முதல் 85 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஆகவே முட்டை, மீன் குழம்பு, சுண்டல், தயிர் என்று நாள் முழுவதும் பிரித்துக் கொடுங்கள். ஸ்டீராய்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறியிருக்கலாம், அதையும் ஒரு முறை பாருங்கள்.

என் கணவர் இரவில் கைப்பேசி ஓசை கேட்டாலே திடுக்கிட்டு எழுந்து, குழாயை எடுங்கள் என்பார். தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இது சகஜம் என்று மனநல மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் அப்பா பேசாமல் எழுந்து போனார் என்று எழுதியிருக்கிறீர்கள்; அருகில் போய் உட்காருங்கள்.

நீங்கள் கடலூர்க்காரர்கள் என்பதால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அது தமிழக அரசின் திட்டம், புதுச்சேரிக்குப் பொருந்தாது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வியாழக்கிழமை ஜிப்மர் செல்கிறோம். நீங்கள் எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பின்வார் வைத்த செருப்பை அவரே வாங்கிவந்தார். அப்பா இன்று காலை நாற்காலியில் கையூன்றி நான்கு முறை எழுந்தார். 93-க்குக் கீழே இறங்கவில்லை. கருவியை நாங்களும் இத்தனை நாளாக ஊதிக்கொண்டுதான் இருந்தோம். உறிஞ்சச் சொன்னதும் ஒரு பந்து எழுந்தது, நின்றது. நோட்டு ஒன்றை நான் எடுத்துவைத்தேன். முதல் வரியை அவரே தன் கையால் எழுதியிருக்கிறார்.