கூட்டம் ‘ரத்து’ என்றால் இனி இல்லையா?

தாழ்வாரம்:
எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டி வந்தது. குழுவில் ‘இந்த ஞாயிறு கூட்டம் ரத்து’ என்று போட்டேன். அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. கேட்டால், ‘நீங்கள்தானே ரத்து என்றீர்கள்’ என்கிறார்கள். தவறு என்னுடையதா, அவர்களுடையதா?

பிழைதிருத்தி:
உங்களுடையதுதான். தள்ளிப்போட்டதற்கு ஒத்திவைப்பு என்ற சொல் இருக்கிறது. 2020இல் நடக்கவேண்டிய டோக்கியோ ஒலிம்பிக்கை ஒத்திவைத்தார்கள், 2021 ஜூலையில் அதே போட்டி தொடங்கியது. அதே 2020இல் விம்பிள்டனை ரத்து செய்தார்கள். 2021இல் நடந்தது 2021க்கான விம்பிள்டன். 2020க்கு சாம்பியன் என்று யாருமே இல்லை. இரண்டு சொல்லையும் இடம் மாற்றினால் செய்தியே பொய்யாகிவிடும்.

நடைவண்டி:
பிழைதிருத்தி ஐயா, அவர் ‘இந்த ஞாயிறு’ என்று தெளிவாகத்தானே போட்டிருக்கிறார்? ரயில் ரத்து என்றால் அந்த வண்டி இனி ஓடவே ஓடாது என்றா எடுத்துக்கொள்கிறோம்? அன்றைக்கு ஓடாது, நாளைக்கு ஓடும். சொல்லாததைச் சூழல் சொல்லிவிடும். ஒரு வாட்ஸப் செய்திக்கு இவ்வளவு இலக்கணமா?

பிழைதிருத்தி:
ரயிலுக்கு அட்டவணை இருக்கிறது. நாளைய வண்டி யாரும் அறிவிக்காமலே வரும். இவருடைய கூட்டத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? அடுத்த தேதி அவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

ரத்து சாதாரணச் சொல்லும் இல்லை. 2024 ஜூன் 18 அன்று, கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வு நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் அதை ரத்து செய்தார்கள். நடந்து முடிந்த தேர்வை நிறுத்த முடியாது, ஒத்திவைக்க முடியாது, கைவிடவும் முடியாது. ரத்து ஒன்றுதான் பின்னால் போய் நடந்ததையே நடக்காததாக ஆக்கும். அந்தச் சொல்லை ஒரு வாரத் தள்ளிவைப்புக்கு எடுத்தால் ஆட்கள் மிரளத்தான் செய்வார்கள்.

சொல்வேலி:
அடிப்படையையே விட்டுவிட்டு இருவரும் பேசுகிறீர்கள். ரத்து தமிழே அல்ல. அரபு மூலம், உருது வழியாக வந்தது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. இலங்கையில் ‘இரத்து’ என்று எழுதி அந்த மரபையாவது காக்கிறார்கள். ‘நீக்கம்’ என்று எழுதினால் சண்டையே இல்லை.

நடைவண்டி:
‘இந்த ஞாயிறு கூட்டம் நீக்கம்’ என்று போட்டுப் பாருங்கள், யாரைக் குழுவிலிருந்து நீக்கினீர்கள் என்று கேட்பார்கள். நீக்குவதற்கு ஓர் ‘இருந்து’ வேண்டும். பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம், பதவியிலிருந்து ஆளை நீக்கலாம். நடக்காத கூட்டத்தை எதிலிருந்து நீக்குவது? ‘விவாகரத்து’ பாதி வடமொழி, பாதி அரபு. எல்லோருக்கும் புரிகிறது, அப்புறம் என்ன?

சொல்வேலி:
மணமுறிவு, மணவிலக்கு இருக்கின்றனவே.

பிழைதிருத்தி:
அதில் நான் சொல்வேலி பக்கம், ஆனால் காரணம் வேறு. இந்து திருமணச் சட்டம் 1955இல் 11ஆம் பிரிவு செல்லாத திருமணத்தைப் பற்றியது, 13ஆம் பிரிவு விவாகரத்து. செல்லாது என்றால் அது தொடக்கத்திலிருந்தே திருமணம் இல்லை. விவாகரத்தில் அப்படி இல்லை. அதுவரை இருந்த மணம் இருந்ததுதான், இனிமேல்தான் இல்லை. மணமுறிவு என்ற சொல் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. முறிய வேண்டுமானால் முதலில் ஒன்றாக இருந்திருக்க வேண்டுமே.

நடைவண்டி:
பார்த்தீர்களா, என் கட்சியைத்தான் பேசுகிறீர்கள்! தேர்வு ரத்து பின்னோக்கிப் போகிறது, விவாகரத்து முன்னோக்கி மட்டும் போகிறது. ஒரே சொல் இரண்டையும் செய்கிறது, யாரும் குழம்பவில்லை.

பிழைதிருத்தி:
குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்து எதிர்த்துப் போராடிய வேளாண் சட்டங்களைப் பாருங்கள். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு விதித்தது இடைக்காலத் தடை. நவம்பர் 19 அன்று பிரதமர் அறிவித்தார், ‘சட்டங்கள் வாபஸ்’ என்று எங்கும் பேச்சு. வாபஸ் வாங்குவது மசோதாவைத்தான். சட்டமாகிவிட்டால் இன்னொரு சட்டம் கொண்டுவந்துதான் ரத்து செய்ய முடியும். நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் நிறைவேறியது அந்த ரத்து மசோதாதான். தடை வந்த அன்று விவசாயிகள் மூட்டை கட்டவில்லை. பிரதமர் அறிவித்த அன்றும் கட்டவில்லை. டிசம்பரில்தான் கிளம்பினார்கள். தடை வேறு, அறிவிப்பு வேறு, ரத்து வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நடைவண்டி:
சட்டத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். வாசகர் வட்டம் நாடாளுமன்றம் இல்லையே?

நாற்சந்தி:
நாடாளுமன்றம் என்றதும் உள்ளே வருகிறேன், அவைச் செய்திகளை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. அவையை ஒத்திவைத்தால் உறுப்பினர்கள் திரும்பி வருவார்கள். கூட்டத்தொடரை முடித்துவைத்தால் அடுத்த தொடருக்கு வருவார்கள். அவையையே கலைத்தால் தேர்தலில் ஜெயித்தால்தான் வர முடியும். மூன்றுக்கும் ‘முடிந்தது’ என்று எழுதினால் என் வேலையும் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் யாரும் தொடவில்லை. ‘நின்றது’, ‘முறிந்தது’ என்றால் செய்தவர் காணாமல் போய்விடுகிறார். ‘கல்யாணம் நின்றுவிட்டது’ என்று சொல்லும் வீட்டில், நிறுத்தியது யார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். ‘ரத்து’ என்று மொட்டையாகப் போட்டாலும் அதே கதைதான், ‘ஆனது’ என்பதா ‘செய்தோம்’ என்பதா என்று தெரியாது. அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு அது பிடித்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. தாழ்வாரம், கூட்டத்தைத் தள்ளிப்போட்டது நீங்கள்தானா?

தாழ்வாரம்:
நான்தான். பேச வேண்டிய புத்தகத்தை அதற்குள் படித்து முடிக்கவில்லை. அதை விடுங்கள். அடுத்த அறிவிப்பு சரியா என்று சொல்லுங்கள்: ‘14ஆம் தேதிக் கூட்டம் 21ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. இடம், நேரம் அதேதான்.’

சொல்வேலி:
‘தேதி’யும் தமிழ் இல்லை. ‘நாள்’ என்று எழுதலாம்.

நடைவண்டி:
‘கூட்டம் 21ஆம் தேதி’ போதுமே. எந்தச் சொல்லுக்கும் சண்டை வராது.

பிழைதிருத்தி:
வராது. பழைய செய்தியை மட்டும் படித்தவர் 14ஆம் தேதி வந்து வாசலில் நிற்பார்.