ஐந்நூறு பேர் பார்த்தார்கள் என்பது சாட்சியாகுமா?

விடிவெள்ளி:
இயேசுவின் உயிர்த்தெழுதலுக்குச் சரித்திர ஆதாரமே இல்லை என்கிறார்கள். அப்போஸ்தலர் பவுல் கொரிந்தியருக்கு முதல் கடிதம் எழுதியது ஏறத்தாழ கி.பி. 55இல். சிலுவை மரணம் நடந்து ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. 15ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் கேபா (பேதுரு), பன்னிரு சீடர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், இயேசுவின் சகோதரர் யாக்கோபு என்று வரிசையாகச் சொல்கிறார். அந்த ஐந்நூறு பேரில் பலர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். பொய் சொல்கிறவன் இப்படி எழுதுவானா?

ஓலைச்சுவடி:
பவுல் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை தம்பி. ஆனால் அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் பெயராவது இருக்கிறதா? எந்த ஊர், எந்த நாள்? கொரிந்துவில் இருப்பவர் விசாரிக்க வேண்டுமென்றால் கடல் கடந்து போக வேண்டும். அப்புறம் அந்த வினைச்சொல்லைப் பாருங்கள். கேபாவுக்குத் "தரிசனமானார்", ஐந்நூறு பேருக்கும் "தரிசனமானார்", கடைசியில் பவுலுக்கும் அதே "தரிசனமானார்". கிரேக்கத்திலும் ஒரே சொல்தான். தமஸ்கு வழியில் பவுல் கண்டது ஒளி, கேட்டது குரல் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். மற்றவர்கள் கண்டது வேறு வகை என்று எதை வைத்துச் சொல்வது?

தெற்குவீதி:
மாற்கு நற்செய்தியில் உயிர்த்த இயேசு காட்சி தரும் 16:9-20 பகுதி, மிகப் பழைய பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் கிடையாது. அவற்றில் மாற்கு, கல்லறையிலிருந்து பயந்து ஓடிய பெண்களோடு முடிகிறது.

விடிவெள்ளி:
சரி, மாற்கை விடுங்கள். பவுல் பேதுருவோடு 15 நாள் தங்கினார், யாக்கோபையும் பார்த்தார் (கலாத்தியர் 1). இயேசுவின் சகோதரர்களே அவரை நம்பவில்லை என்கிறது யோவான் 7:5. அந்த யாக்கோபு எருசலேம் சபையின் தூணாகி, கி.பி. 62 வாக்கில் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இதை எழுதியவர் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ். யாக்கோபின் மனம் மாற என்ன நடந்தது அண்ணே?

ஓலைச்சுவடி:
யாக்கோபு விஷயம் வலுவானதுதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் எதையோ கண்டார், உறுதியாக நம்பினார். ஆனால் அலெக்சாந்திரியாவில் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் எச்சில் பூசி ஒரு குருடருக்குப் பார்வை கொடுத்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். பொய் சொல்லி இனி லாபமில்லாத காலத்திலும் நேரில் பார்த்தவர்கள் அதையே சொல்கிறார்களாம். நம்புகிறீர்களா?

விடிவெள்ளி:
இல்லை. பார்வை முழுவதும் போய்விடவில்லை என்று மருத்துவர்கள் முன்பே சொன்னதையும் டாசிடஸே எழுதியிருக்கிறார். வெஸ்பாசியனுக்காக அந்தச் சாட்சிகள் யாரும் வாழ்க்கையை மாற்றிக்கொண்டதாக அவர் சொல்லவும் இல்லை.

ஓலைச்சுவடி:
பாருங்கள், டாசிடஸை எவ்வளவு கூர்ந்து படித்திருக்கிறீர்கள்! அதே கண்ணோடு 1 கொரிந்தியர் 15ஐயும் ஒருமுறை படியுங்கள் தம்பி. நான் கேட்பது அவ்வளவுதான்.