அப்பாவின் சைக்கிளில் குரோம் பளபளப்பு நிலைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்கு மிக அருகில் வசிக்கிறோம். அப்பா முப்பது வருடம் ஓட்டிய சைக்கிளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். ஹேண்டில்பார், மட்கார்டு இரண்டிலும் குரோம் முலாம் உப்புக்காற்றில் உரிந்து துருவேறிவிட்டது.

உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பளபளப்பான கறுப்பு பூசி, கடைசியாக குரோம் ஸ்பிரே அடித்தேன். முகம் தெரிந்தது! மறுநாள் அப்பா ஆசையாகத் தடவினார். விரலில் வெள்ளிப்பொடி ஒட்டிக்கொண்டது. அவர் முகம் வாடியதை என்னால் தாங்க முடியவில்லை. பாதுகாப்புக்காகக் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தேன். எல்லாம் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது.

ஸ்பிரேயில் உள்ள நுண்ணிய அலுமினியச் செதில்கள் மேற்பரப்பில் தட்டையாகப் படிவதால்தான் அந்தப் பளபளப்பு வருகிறது. கிளியரில் உள்ள கரைப்பான் அந்த அடுக்கைக் கலைத்துவிடுகிறது. அடிக்காமல் விட்டாலோ, கைபட்டே தேய்ந்துவிடும்.

ஹார்டனர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலக்கும் இரண்டு பாகக் கிளியரை குரோம் ஸ்பிரேயின் மேல் அடித்தவர்கள் இருக்கிறீர்களா? அதற்கு முன் எத்தனை நாள் காயவிட்டீர்கள்? முதல் பூச்சை மெல்லிய தூவலாக அடித்தால் மங்கல் குறையுமா? அந்தக் கிளியரில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருப்பதால் துணி முகமூடி போதாது என்பது தெரியும். உரிய மாஸ்க் வாங்கிக்கொள்கிறேன். ஈரக்காற்றில் பூச்சு வெளுத்துவிடும் என்பதால் மழைக்காலம் முடியும்வரை காத்திருக்கவும் தயார்.

இது தேறாது என்றால், கடலூரிலோ புதுச்சேரியிலோ சைக்கிள் பாகங்களுக்கு நல்ல முலாம் பூசித் தரும் பட்டறை இருந்தால் சொல்லுங்கள்.