புதுப்பிப்பு: ஆட்டுக்கல்லையே தேர்ந்தெடுத்துவிட்டோம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துப் பலசாலிப் போட்டியில், 20 மீட்டர் சுமந்து நடக்க என்ன பொருள் வைக்கலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அரிசி மூட்டை, பீப்பாய், ஆட்டுக்கல் என்று யோசனை சொன்னீர்கள். மூன்றையும் தூக்கிப் பார்த்துவிட்டோம்.

மூட்டை உடலோடு ஒட்டிக்கொள்கிறது. புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமார் நாள் முழுக்கச் சுமப்பதை விளையாட்டாக்க எனக்கு மனமும் வரவில்லை. பாதி நீர் நிரப்பிய பீப்பாய் அருமையான தேர்வு: ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் ஒரு பக்கம் பாய்ந்து ஆளையே தள்ளுகிறது. முழுதாக நிரப்பினால் அந்தக் குணம் போய்விடும்.

ஆனால் எங்கள் மனத்தைப் பிடித்தது ஆட்டுக்கல்தான். இடித்த பழைய வீடொன்றில் கிடைத்தது, தராசில் 78 கிலோ. பிடி கிடையாது. குழிக்குள் விரலை விட்டால், ஆண்டுக்கணக்கில் மாவாட்டி வழுவழுத்த கல் நழுவுகிறது. அடியில் கைகொடுத்து மார்போடு அணைத்தால்தான் நகர முடியும். அப்போது மூச்சு முட்டுகிறது. ஐஸ்லாந்தின் 186 கிலோ ஹூசாஃபெல் கல்லையும் இப்படித்தான் அணைத்துச் சுமக்கிறார்கள். அது ஒரு காலத்தில் ஆட்டுப்பட்டிக்குக் கதவாக இருந்த கல்!

முதல் நாளே சீமெந்துத் தரையில் நழுவி விழுந்து விளிம்பு சிதறியது. தம்பியின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி. இனி மணல் பரப்பிய தடத்தில்தான் பயிற்சி. குழவியைத் தனியாகப் பெண்கள் பிரிவுக்கு வைக்கிறோம்.