கல்வெட்டைச் சுரண்டுகிறவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மேலூர்க்காரன்:

சமீபத்தில் ஊருக்குப் போயிருந்தபோது கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குப் போனேன். மேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் குன்று. குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள், மேலே பாறை விளிம்பில் தமிழிக் கல்வெட்டு, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்து. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் இந்தப் பள்ளியைக் கொடுத்தார் என்று சொல்லும் கல்வெட்டு அது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. பக்கத்துப் பாறையில் 9, 10ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு.

கல்வெட்டு எட்டாத உயரத்தில் இருப்பதால் பிழைத்துக் கிடக்கிறது. படுக்கைகள் பிழைக்கவில்லை. தலை வைக்கும் இடத்தைக் கொஞ்சம் மேடாக விட்டுத் தலையணை போலச் செதுக்கியிருப்பார்கள். அந்த மேட்டில் சிவப்பு எனாமல் பெயிண்டில் ஒரு இதயம், உள்ளே ரெண்டு பேர். கால்மாட்டில் பீர் பாட்டில் உடைந்த சில்லு.

நான் போன நேரத்தில் நான்கு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் ஆணியால் கீறிக்கொண்டிருந்தான். சத்தம் போடாமல்தான் கேட்டேன், "தம்பி, இது என்னன்னு தெரியுமா?" என்று. "தெரியும்ணே. சமணர் படுக்கை. ஸ்கூல்ல கூட்டிட்டு வந்து காட்டியிருக்காங்க." "அப்புறம் ஏன்டா கீறுற?" அதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. "அவங்க நம்ம சாமி இல்லையேண்ணே."

இன்னொருவன் எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றிய கதையை எடுத்தான். நடந்ததா இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கும் கதை. அவனுக்கு அது ஏதோ தன் தாத்தா ஜெயித்த பந்தயம் மாதிரி. அத்தனை பெருமையாகச் சொன்னான். நால்வரும் படித்தவர்கள், நல்ல பையன்கள் என்று ஊரில் பெயர் வாங்கக்கூடியவர்கள். போகும்போது மரியாதையாக "வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் மலைகள் கேக் வெட்டின மாதிரி நிற்பதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். கிரானைட் கொள்ளை. 2012இல் கலெக்டராக இருந்த சகாயம் அறிக்கை எழுதியபோது 16,000 கோடி ரூபாய் இழப்பு என்று பேச்சு அடிபட்டது. 2014இல் உயர் நீதிமன்றம் விசாரணையை அவரிடமே ஒப்படைத்தது. அந்த அழிவுக்காவது பணம் என்று ஒரு காரணம் இருக்கிறது. ஆணியால் கீறுகிறவனுக்கு என்ன கிடைக்கிறது? பத்துப் பைசா லாபம் இல்லாத அழிவு. அதுதான் என்னை உடைத்துப் போட்டது.

இந்த மாதிரி ஆட்களிடம் நேருக்கு நேர் பேசியவர்கள் எழுதுங்கள். என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது?

காவிரிக்கரை:

எனக்கு வாய்த்தது பையன்கள் இல்லை, அறுபதைத் தாண்டிய பெரிய மனிதர்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் சின்னதாக ஒரு சோழர் காலத்துக் கற்றளி. ஊர் பெயர் வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் கம்ப்ரசர் வந்து இறங்கியது. அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடிப்பது, சாண்ட் பிளாஸ்டிங். அரை மணி நேரத்தில் ஒரு தூண் 'புதுசு' ஆகிவிடும். அழுக்கோடு சேர்ந்து கல்லின் மேல்தோலும் உரிந்து போய்விடும். கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். இதைக் கோயில்களில் செய்யக்கூடாது என்று எப்போதோ தடை போட்டாகிவிட்டது. தெரிந்தேதான் செய்தார்கள்.

நான் ஓடிப்போய் நின்றபோது தெற்குச் சுவரில் பாதி போயிருந்தது. அங்கே ஒரு நந்தா விளக்குத் தர்மத்தைச் சொல்லும் கல்வெட்டு இருந்தது. விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும், நெய்க்காக 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூறு. மந்தையில் ஒன்று செத்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும், கணக்கு மட்டும் குறையாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! கொடுத்தவர் அரசன் இல்லை, ஒரு சாதாரணப் பெண். சின்ன வயதில் எங்கள் தமிழய்யா அந்தச் சுவரில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார். 'டு' மட்டும் எனக்கு உடனே அடையாளம் தெரியும்.

திருப்பணிக்குப் பணம் கொடுத்தவரிடம் கெஞ்சினேன். "சார், இதில் உங்க ஊர் மனுஷி ஒருத்தியோட பேர் இருக்கு" என்றேன். "யாரு படிக்கப் போறா? பார்க்கப் பளிச்சுன்னு இருக்க வேணாமா?" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் ரெண்டு பேர் ஒரு கறுப்பு கிரானைட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 'உபயம்' என்று போட்டு அவர் பெயரும் குடும்பத்தார் பெயரும் தங்க எழுத்தில்.

கோயில் தரையையும் மேடாக்கி டைல்ஸ் பதித்தார்கள். கோயிலின் அடித்தளமான அதிஷ்டானத்தில், குமுதப்படை என்கிற உருண்டையான வரிசை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அதில் இருந்த எழுத்துகளாவது புதைந்து பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்துக்காரர்களுக்கு இப்படி ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்திருக்கிறது. கல்வெட்டின் கடைசியில், இந்தத் தர்மத்தைக் காத்தவன் பாதம் என் தலை மேல் என்று எழுதுவார்கள். அழித்தவன் கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்றும் எழுதுவார்கள். அந்தக் கடைசி வரிகள்தான் முதலில் போயின, சார்.

நாகமலை:

மேலூர் அண்ணனுக்கு. எல்லோரும் 'விழிப்புணர்வு இல்லை, படிப்பறிவு இல்லை' என்று எழுதுவார்கள், அதற்கு முன்னால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் ஐயனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரங்கள். மேலே செட்டிப்புடவில் குகை வாசலில் பெரிய தீர்த்தங்கரர். நீண்டு தொங்கும் காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். என் அம்மாச்சிக்கு மகாவீரர் யார், சமணம் என்றால் என்ன, எதுவும் தெரியாது. கைநாட்டு. ஆனால் மலைக்குப் போனால் செருப்பைக் கீழேயே விட்டுவிடுவார். "செட்டியார் உக்காந்திருக்காருடி, சத்தம் போடாத" என்பார். அந்தப் பேச்சை மீறி ஒரு பிள்ளை அங்கே கல்லெடுத்துக் கீறியதை நான் பார்த்ததில்லை.

இத்தனை நூற்றாண்டு அந்தச் சிலைகளைக் காப்பாற்றியவர்கள் அந்த மாதிரி ஒன்றும் தெரியாதவர்கள்தான். இன்றைக்குப் பெயர் கீறுகிறவன் கையில் போன் இருக்கிறது, தட்டினால் சமணத் துறவி அச்சணந்தி யார் என்பது வரை வந்து விழும். அவன் தட்டமாட்டான். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாச்சியுடையதுதான் அறியாமை. இவனுடையது வேறு ஏதோ.

சுண்டிக்குளி:

நான் யாழ்ப்பாணம். இப்போது இருப்பது ரொறன்ரோவில். 'நம்ம சாமி இல்லை' என்ற அந்த வரியை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க ஏலவில்லை.

1981 மே 31 இரவு எனக்குப் பன்னிரண்டு வயது. மாவட்ட சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருந்தன. தெற்கிலிருந்து பொலிசாரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது அவர்கள் கையால். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது, கடைகளும் எரிந்தன. 97,000 நூல்கள், அவற்றோடு திரும்ப எழுதவே முடியாத ஏட்டுச் சுவடிகள். 1933இல் செல்லப்பா என்ற ஒரு மனிதர் தன் வீட்டில் தொடங்கிய சின்ன வாசிப்பறையிலிருந்து வளர்ந்த நூலகம் அது. பத்திரிசியார் கல்லூரியில் இருந்த தாவீது அடிகள் எரிவதைப் பார்த்தபடியே மாரடைப்பு வந்து இறந்துபோனார். பல மொழி தெரிந்த அறிஞர். எங்கள் கிணற்றடியில் அடுத்த நாள் காலை கருகிய தாள்த் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் ஓரம் மட்டும் வெள்ளையாக, பக்க எண்ணோடு இருந்தது. அம்மா அதைக் கூட்டித் தள்ளவில்லை, கையால் பொறுக்கினார்.

பிறகு கொழும்பில் வேலை செய்தபோது கூட வேலை பார்த்தவர் ஒருவர், நல்ல மனிதர், என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் காரில் கூட்டிப்போவார். அவரிடம் இதைக் கதைத்தேன். "அதுதான் திரும்பக் கட்டிக் கொடுத்தாச்சே, புத்தகமும் கொடுத்தாச்சே" என்றார். நான் சுவடிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அவர் தேத்தண்ணி குடிக்க எழும்பிவிட்டார்.

இது இந்த இழையில் எல்லோருக்கும் பிடிக்கும் கதை. அடுத்ததைப் பிடிக்காது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 75,000 பேர் போனார்கள். சோனகத் தெருவில் வீடுகள் திறந்தபடி கிடந்தன. என்னோடு படித்த ஒருத்தி தன் தாயின் தையல் மெசினை விட்டுவிட்டுப் போனாள். அவளுடைய வாப்பாவும் அந்த நூலகத்தில்தான் பத்திரிகை வாசித்தவர்.

இங்கே ஒரு வருடம் நூலக எரிப்பு நினைவுக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் பேசப்போகிறேன் என்றேன். ஒழுங்கு செய்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அக்கா, அதை இப்ப ஏன் கிண்டுறியள்? மேடையில வேண்டாம்." அது நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் இருந்ததும் அதே வட்டாரத்தில்தான், அந்த லொறிகள் போவதைத் தன் கண்ணால் கண்டவர்.

கொழும்புக்காரர் தேத்தண்ணி குடிக்க எழும்பினதுக்கும் இவர் மேடையில் வேண்டாம் என்றதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் பேசினேன். முன்வரிசையில் சிலர் எழும்பிப் போனார்கள்.

வகுப்பறை:

சுருக்கமாக ஒன்று. நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். வாட்சப்பில் வந்த ஒரு பொய்யை ஒரு பையன் வகுப்பில் சொன்னான், ஒரு மதத்துக்காரர்களைப் பற்றி. பாடப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன், மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருவதையும், பாண்டிய நாட்டில் சமணப் பள்ளிகளுக்கு அரசனின் ஆட்களே கொடை கொடுத்ததையும் சொன்னேன். அடுத்த நாள் அவன் அப்பா வந்தார். "புத்தகத்துல ஆயிரம் போட்டிருப்பாங்க டீச்சர், நீங்க சிலபஸை மட்டும் நடத்துங்க" என்றார். அது சிலபஸ்தான் என்றேன். முகம் மாறவே இல்லை.

ஏழுமலை அடிவாரம்:

நான் அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊர். மனம் விட்டுப் போகிறது என்று எல்லோரும் எழுதுவதால் இதையும் பதிவு பண்ணுகிறேன்.

2022இல் எங்கள் மலையைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்று, 72 ஏரி, 200 ஊற்று என்று அரசு ஆணையே கணக்குச் சொல்கிறது. தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, வல்லூறு எல்லாம் உண்டு. 2024 நவம்பரில் பார்த்தால் இதே பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டிருக்கிறார்கள் என்று செய்தி.

அப்போது எனக்கும் ஒரு சந்திப்பு. சென்னையில் இருக்கும் சொந்தக்கார அண்ணன் போன் பண்ணினார். "கல்லுக்குப் போய் சண்டை போடுறீங்களே, வேலைவாய்ப்பு வரும்ல?" அவர் சிறுவயதில் குளித்த ஊற்று அது. "ஊத்து எங்க இருந்து வருதுண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். மேலூரில் கடை அடைத்தார்கள். 2025 ஜனவரியில் மதுரை தல்லாகுளம் வரைக்கும் சனம் நடந்தது, பொம்பளைகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்து. நடந்தவர்களில் எத்தனை பேருக்குத் தமிழி வாசிக்கத் தெரியும்? கண்மாய்க்குத் தண்ணி எங்கே இருந்து வருகிறது என்று தெரியும், மலை மேல் சாமி இருக்கிறது என்று தெரியும். நாகமலைக்காரர் தன் அம்மாச்சியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு வருத்தமும் இருக்கிறது. ஏலம் ரத்தான பிறகு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். போன வாரம் குடைவரைப் படியில் புதுசாக ஒரு பெயர். வெள்ளை பெயிண்ட். தின்னர் ஊற்றித் துடைக்கலாமா?

மேலூர்க்காரன்:

தின்னர் வேண்டாம், தம்பி. பெயிண்டைக் கரைத்துப் பாறை நுண்துளைக்குள் இறக்கிவிடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. கம்பி பிரஷ்ஷும் போடாதீர்கள். தொல்லியல் துறையில் வேதியியல் பிரிவு இருக்கிறது, அவர்கள்தான் எடுக்க வேண்டும். தேதியோடு படம் எடுத்து, எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் சேதப்படுத்தியவருக்கு ரெண்டு வருடம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். புகாரில் அதையும் ஒரு வரி எழுதுங்கள், வாங்குகிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

சுண்டிக்குளி அக்கா, அந்த முன்வரிசைக்காரர்கள் எழுந்து போன பிறகு மிச்சம் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள்? அதையும் எழுதுங்கள்.